உஷார்! கேமுக்கு விலை போடும் முன்

விலை என்ற கட்டத்தில் எண்ணைத் தட்டிவிட்டு, 'வெளியிடு' பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டிருக்கும் தம்பியோ தங்கையோ யாராக இருந்தாலும் சரி, முதலில் விரலை எடுங்கள். அடுத்த மாதம் அழுத்தலாம். அடுத்த பொங்கலுக்கு அழுத்தலாம். இன்று வேண்டாம்.

பதற்றத்தோடுதான் எழுதுகிறேன். நண்பர்கள் கூடிப் பொழுதுபோக்காகச் செய்த ஓர் ஆர்.பி.ஜி. கேமை, அதாவது ஆடுபவரே ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் நடந்துபோகும் கேமை, காசுக்கு விற்கக் கிளம்பினால் என்னென்ன கிளம்பும் என்று நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. புரோகிராம் எழுதக் கற்றுத்தர ஆயிரம் வீடியோ இருக்கிறது. படம் வரையக் கற்றுத்தர இன்னும் ஆயிரம். வரைந்த படம் யாருக்குச் சொந்தம் என்று கேட்கக் கற்றுத்தருபவர்தான் இல்லை.

ஒரு கேமை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கள்ளக்குறிச்சியில் நான்கு நண்பர்கள். ஒருவர் புரோகிராம், ஒருவர் கதை, ஒரு பெண் இசை, பிளஸ் ஒன் படிக்கும் பையன் ஒருவன் படம். மூன்று வருஷத்து ராத்திரிகளைக் கொட்டிச் செய்தது. கதை நடப்பது கல்வராயன் மலையில். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையில் ஆட்டம் தொடங்கும்; மலையேறி வெள்ளிமலை போய்ச் சேர வேண்டும். சாமைச் சோறு தின்றால் தெம்பு ஏறும், கடுக்காய் காயத்தை ஆற்றும், மேகம் அருவியருகே ஒரு புதிர் காத்திருக்கும். கடைசி எதிரி அந்த மலையை ஆளும் ஒரு ஜாகீர்தார். பின்னணியில் மலையூர்ப் பாட்டி ஒருவர் பாடிய தாலாட்டு. சும்மா கொடுத்தார்கள். ஆடியவர்கள் கொண்டாடினார்கள். "இதைக் காசு கொடுத்தே வாங்குவோமே" என்றார்கள்.

இந்த நால்வர் என் கற்பனை. இவர்கள் மாட்டிக்கொள்ளக்கூடிய இடங்கள் ஒவ்வொன்றும் நிஜம். சும்மா கொடுத்தவரை யாரும் கேட்காத கேள்வி ஒன்று, விலைச்சீட்டு ஒட்டிய மறுநாள் வாசலில் வந்து நிற்கும்: இதில் எது உங்களுடையது?

பையன் வரைந்த படத்திலிருந்து தொடங்குகிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 17 ஆவது பிரிவு, படைத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. சம்பளத்துக்கு வேலை பார்த்து, அந்த வேலையின் பகுதியாக வரைந்திருந்தால் கதை வேறு. நட்புக்காக வரைந்தவனுக்கு ஏது சம்பளம்? ஆகவே அந்தக் கேமில் இருக்கும் ஒவ்வொரு மரமும், ஒவ்வொரு காட்டெருமையும், கதாநாயகியின் முகமும் அந்தப் பையனுக்கே சொந்தம். 'எடுத்துக்கோண்ணா' என்று அவன் வாயால் சொன்னது உரிமையை மாற்றித் தந்ததாக ஆகாது. 19 ஆவது பிரிவின்படி எழுத்து வேண்டும், கையெழுத்து வேண்டும்.

சரி, எழுதி வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களும் அந்தத் தாளை எடுத்து மறுபடி படியுங்கள். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் ஐந்து வருஷம் என்றே எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றே எடுத்துக்கொள்ளும். ஜப்பானிலும் பிரேசிலிலும் விற்கும் கடையில் உங்கள் கேம் கிடக்க, கையில் இருப்பதோ இந்தியாவுக்குள் மட்டும் செல்லும் தாள். இன்னொன்று, என்னை மிகவும் கலங்க வைப்பது: எழுதி வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக அந்தத் தாளிலேயே சொல்லப்படாதவரை, அது காலாவதியாகிவிடும். பொழுதுபோக்குக் கேம் எது ஒரு வருஷத்தில் முடிகிறது? தேர்வு வரும், வேலை வரும், கல்யாணம் வரும். எழுதி வாங்கிய கையோடு உறங்கிப்போய், நான்கு வருஷத்துக்குப் பிறகு எழுந்து பார்த்தால் தாள் செல்லாது. 'உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும், ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டாலும் உரிமை நீங்காது' என்று மூன்று விஷயத்தையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். ஈடாக என்ன தருகிறீர்கள் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். சட்டமும் அதைக் கேட்கிறது, மனசாட்சியும் கேட்கும்.

பையனுக்கு வயது 16. அவன் கையெழுத்தே செல்லாது. 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டானே என்று நீங்கள் அவனை நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. அவன் அப்பாவையோ அம்மாவையோ போய்ப் பாருங்கள். 'கேம் விளையாடிப் படிப்பைக் கெடுத்துக்கிறான்' என்று ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் பெற்றோர் என்றால் இன்னும் மரியாதையாகப் போய்ப் பாருங்கள். காப்பாளராக அவர்கள் கையெழுத்திடட்டும். பையனுக்கு 18 முடிந்ததும் அவனிடம் புதிதாக ஒருமுறை வாங்குங்கள். அவனுக்குச் சேர வேண்டிய பணம் அவன் பெயரில் போகட்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் உழைப்பை அன்பு என்ற பெயரில் இனாமாக எடுத்துக்கொண்டு விற்பதை நான் திருட்டு என்றுதான் சொல்வேன்.

நால்வரின் பங்கு? 'வர்றதைப் பார்த்துப் பிரிச்சுக்கலாம்டா' என்பதுதான் எல்லாக் குழுவிலும் நடக்கும் பேச்சு. இலாபத்தைப் பிரித்துக்கொள்ள நண்பர்கள் சேர்ந்து தொழில் நடத்தினால், பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும், 1932 ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் கண்ணில் அது கூட்டு வியாபாரமாகிவிடலாம். வேறு உடன்பாடு இல்லையென்றால் கூட்டாளிகளுக்கு இலாபம் சமபங்கு, நஷ்டமும் அப்படித்தான். மூன்று வருஷம் கண்விழித்துப் புரோகிராம் எழுதியவருக்கும், முதல் மாதம் நான்கு பக்கம் கதை எழுதிவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போனவருக்கும் ஒரே பங்கு. பதிவு செய்யாத கூட்டாக இருந்தால் ஒப்பந்த உரிமையை நிலைநாட்ட வழக்குப் போடுவதும் கஷ்டம். போனவர் கோபித்துக்கொண்டு போயிருந்தால் இன்னும் மோசம்: அவர் எழுதிய வசனம் அவருடையது, நீங்கள் அவருக்கு போன் பண்ண வேண்டும். கேம் ஓடாதவரை அவர் போனை எடுப்பார். ஓட ஆரம்பித்த பிறகு வக்கீல் எடுப்பார். காசு வருவதற்கு முன், ஒருவர்மேல் ஒருவருக்கு அன்பு இருக்கும்போதே உட்கார்ந்து எழுதுங்கள்.

அடுத்தது கருவி. நால்வரும் எதை வைத்துக் கேமைக் கட்டினார்கள்? பெரும்பாலும் ஆர்.பி.ஜி. மேக்கர், அல்லது கோடோ, அல்லது யூனிட்டி. ஆர்.பி.ஜி. மேக்கர் ஜப்பானில் பிறந்த மென்பொருள். அதன் 2000, 2003 பதிப்புகள் பல வருஷம் ஆங்கிலத்தில் முறையாக வெளியாகவே இல்லை; அனுமதியில்லாத மொழிபெயர்ப்புகள்தான் உலகம் முழுக்கச் சுற்றின. அதிகாரபூர்வ ஆங்கிலப் பதிப்புகள் வந்தது 2015 இல். அதுவரை அந்தத் திருட்டுப் பிரதியில் அருமையான கேம்கள் செய்தவர்கள் எத்தனையோ பேர்; சும்மா கொடுத்தவரை கவலையில்லை, விற்க வேண்டும் என்றதும் கையில் உரிமமே இல்லை. 'ஒன்ஷாட்' என்ற கேம் 2014 இல் ஆர்.பி.ஜி. மேக்கர் 2003 இல் இலவசமாக வந்தது. 2016 இல் காசுக்கு வந்த பதிப்பு வேறு அடித்தளத்தில் மறுபடி கட்டப்பட்டது. 'கார்ப்ஸ் பார்ட்டி' 1996 இல் ஒரு பொழுதுபோக்குக் கேம்; கடைக்குப் போனபோது புதிதாக உருவாக்கப்பட்டுத்தான் போனது. பெயர் வாங்கிய கேம்களே மறுபடி அஸ்திவாரம் தோண்டியிருக்கின்றன. நண்பர் பென் டிரைவில் கொடுத்த, கிராக் செய்த மென்பொருளில் செய்ததை அப்படியே கடையில் ஏற்றிவிடலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும், அதோடு வரும் படங்களும் இசையும் எதற்குச் செல்லும் என்று உரிம ஒப்பந்தத்தில் படியுங்கள். அந்த மென்பொருளுக்குள் மட்டும் பயன்படுத்தலாம் என்று கட்டுப்பாடு போட்ட பொதிகள் நிறைய. ஆரம்பத்தில் ஆர்.பி.ஜி. மேக்கரில் செய்து, பாதியில் கோடோவுக்கு மாறி, பழைய படங்களைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். இணையத்தில் சும்மா கிடைத்தது என்பதற்கும் விற்கலாம் என்பதற்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. படைப்பைப் பிறருக்குத் திறந்துவிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் 'வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும்' என்று ஒரு வகை உண்டு. இலவசக் கேமில் அதைப் போட்டது சரி. விலை போட்ட அந்த நிமிஷமே மீறல். 2012 இல் லிபரேட்டட் பிக்சல் கப் என்ற போட்டியில் உருவான படங்களை எத்தனையோ ஆர்.பி.ஜி. கேம்கள் எடுத்தாள்கின்றன. அவற்றை விற்பனைக் கேமிலும் போடலாம், ஆனால் வரைந்த ஒவ்வொருவர் பெயரையும் சொல்ல வேண்டும், அவற்றை மாற்றி வரைந்தால் மாற்றியதையும் அதே உரிமத்தில் எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் எந்தத் தளத்தில் எந்தக் கோப்பை இறக்கினீர்கள் என்று இன்று ஞாபகம் இருக்கிறதா? இல்லாவிட்டால் அந்தக் கோப்பு கேமில் இருக்கக் கூடாது. அவ்வளவு கறாராக இருங்கள்.

எழுத்துருவும் இதே கதைதான். பழைய தட்டச்சு மென்பொருளோடு வந்த தமிழ் எழுத்துருவை எடுத்துக் கேமில் பொதிக்காதீர்கள். திறந்த எழுத்துரு உரிமத்தில் வரும் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை இருக்கின்றன. கேமோடு சேர்த்து விற்கத் தடையில்லை.

எழுத்துரு சரியானாலும் எழுத்து சரியாக வருமா என்று பாருங்கள், இது தமிழில் கேம் செய்பவர்களுக்கே உரிய ஆபத்து. 2015 இல் வந்த ஆர்.பி.ஜி. மேக்கர் எம்வி, வசனத்தை ஒவ்வொரு குறியாகத் தனித்தனியே திரையில் வரைகிறது. ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். தமிழில் 'கோமுகி' என்று எழுதினால் கணினிக்கு 'கோ' என்பது ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு துண்டு. 'க' தனியாக வரும், அதன் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தைச் சுற்றிக் கொம்பும் காலும் அந்தரத்தில் தொங்கும். எழுத்துகளை ஒட்டவைத்துக் காட்டும் செருகுநிரல் இல்லாமல் எம்வியில் தமிழ்க் கேம் விற்க முடியாது. யூனிட்டியின் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவும் தமிழை உள்ளபடி கையாளாது. 2023 இல் வந்த கோடோ 4 இந்திய எழுத்துகளை ஒழுங்காக அடுக்குகிறது. நண்பர்கள் கொம்பு உடைந்த தமிழைப் பார்த்து 'பரவால்லடா' என்றிருப்பார்கள். காசு கொடுத்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். முதல் வசனத்திலேயே 'கோ' உடைந்தால் இரண்டு மணி நேரம் எதற்கு, இரண்டு நிமிஷம் போதும்.

இரவல் உலகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரியமான ஒரு பழைய கேமின் தொடர்ச்சியாகத் தங்கள் கேமைச் செய்தவர்கள் உண்டு. 'குரோனோ ட்ரிக்கர்' என்ற ஜப்பானியக் கேமுக்கு ரசிகர்கள் சிலர் 'கிரிம்சன் எக்கோஸ்' என்று ஒரு தொடர்ச்சியை 2004 இலிருந்து செய்தார்கள். காசுக்குக்கூட இல்லை, சும்மா கொடுக்க. 2009 மே மாதம், ஏறக்குறைய முடித்து வெளியிடப்போகும் நேரத்தில், ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தின் நோட்டீஸ் வந்தது. ஐந்து வருஷ உழைப்பை அப்படியே நிறுத்த வேண்டியதாயிற்று. 2016 இல் போக்கிமான் ரசிகர்கள் செய்த 'போக்கிமான் யுரேனியம்' வந்தது. சில நாளில் பத்து லட்சத்துக்கும் மேல் இறக்கிக்கொண்டார்கள், நிண்டெண்டோவின் வக்கீல்கள் எழுந்ததும் படைத்தவர்கள் தாங்களே எடுத்துவிட்டார்கள். அதுவும் இலவசம்தான். இலவசத்துக்கே இந்தக் கதி என்றால், விலை போட்டால்? மேஜைமேல் பகடை உருட்டி ஆடும் ஆர்.பி.ஜி. செய்பவர்களும் தப்ப முடியாது. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974 இல் வந்தபோது அதில் 'ஹாபிட்' என்று ஒரு குள்ள இனம் இருந்தது. ஹாபிட்டைக் கற்பனை செய்த எழுத்தாளர் டோல்கீனின் படைப்புகளுக்கு உரிமை வைத்திருந்த தரப்பு அதட்டியதும் அந்தப் பெயரை 'ஹாஃப்லிங்' என்று மாற்ற நேர்ந்தது. அந்தப் பெரிய கேமே ஒரு சொல்லுக்குத் தலைவணங்கியது.

அப்படியானால் என்ன செய்வது என்றால், சொந்தமாக ஓர் ஊரைக் கட்டுவதுதான். இந்தியாவின் பைரோடாக்டில் குழு 2014 இல் வெளியிட்ட 'அன்ரெஸ்ட்' என்ற ஆர்.பி.ஜி. கேமில் பழைய இந்தியாவின் சாயலில் பீம்ரா என்ற கற்பனை நகரத்தை எழுப்பினார்கள். பஞ்சமும் சாதியும் அதிகாரமும் அதில் இருக்கிறது, யாருடைய கேமும் அதில் இல்லை. கல்கியின் எழுத்து நாட்டுடைமை, பொன்னியின் செல்வனை வைத்துக் கேம் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நாவல் திறந்திருக்கிறது. 2022 இலும் 2023 இலும் வந்த திரைப்படங்களின் உடையும் நகையும் முகங்களும் திறந்திருக்கவில்லை. குந்தவையை வரையும்போது உங்கள் கை எந்தக் குந்தவையை வரைகிறது என்று நின்று பாருங்கள்.

இசைக்கு வருவோம். சண்டைக் காட்சிக்கு ஒரு பழைய சினிமாப் பாட்டின் மெட்டை கீபோர்டில் வாசித்துச் சேர்ப்பது நம் பிள்ளைகளுக்குக் கைவந்த பழக்கம். 2024 இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தில் 'கண்மணி அன்போடு' பாட்டு வந்ததற்கு இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. பல கோடி வசூலித்த படத்துக்கே அது பெரிய தலைவலி. நான்கு பேர் சேர்ந்த கேமுக்கு அது மரண அடி. இசையமைப்பாளருக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இன்னோர் உரிமை. நீங்களே வாசித்தாலும் முதலாவது நீங்காது. டொராண்டோவின் விசை கேம்ஸ் குழு 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா'வை ஆடிப் பாருங்கள். தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. சமைத்துச் சமைத்தே அம்மாவின் துக்கம் புரியும். ஒவ்வொரு காலத்துத் தமிழ் சினிமா இசையும் அதில் மணக்கிறது. ஆனால் அந்தப் பாட்டுகள் அந்தக் கேமுக்காகவே புதிதாக உருவானவை. 2024 இல் அதற்கு அறிமுகக் கேமுக்கான பாஃப்டா விருது கிடைத்தது. சினிமாவை நேசிப்பதை அவர்கள் விடவில்லை, பாட்டை மட்டும் எடுக்கவில்லை.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் ஒருவரை நீங்கள் எப்படியும் பார்க்கத்தான் வேண்டும். ஸ்டீமில் ஒரு கேமை ஏற்ற 100 டாலர். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால்தான் அது திரும்பும். விலையில் 30 சதவீதம் கடைக்கு. பணம் கட்டியதிலிருந்து 30 நாள் ஆகாமல் வெளியிட முடியாது, 'விரைவில்' பக்கம் குறைந்தது இரண்டு வாரம் திறந்திருக்க வேண்டும். ஆகவே தீபாவளிக்கு வெளியீடு என்று புரட்டாசி மாதக் கடைசியில் முடிவெடுக்காதீர்கள். அமெரிக்க வரிப் படிவத்தில் பான் எண்ணைப் போட்டு, இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால் அங்கே விற்றதற்குப் பிடித்தம் 15 சதவீதம்; குறிப்பிடாமல் விட்டால் 30. அவசரத்தில் படிவத்தைத் தட்டிவிட்டுப் பாதி வரியை வீணாக விடாதீர்கள். செயற்கை நுண்ணறிவை வைத்துப் படமோ இசையோ செய்திருந்தால் 2024 முதல் அதை ஸ்டீமில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மறைக்காதீர்கள்.

வெளியீட்டுத் தேதி போட்டதும் மின்னஞ்சல்கள் குவியும், அதற்கும் தயாராக இருங்கள். 'உங்கள் கேமை லட்சம் பேருக்குக் காட்டுகிறோம், பத்து இலவச கீ அனுப்புங்கள்' என்று ஒருவர் எழுதுவார். கேமைத் திறக்கும் அந்தக் கீ போனதும் அது வேறெங்கோ பாதி விலைக்கு விற்கப்படும். எழுதியவரின் முகவரி, அவர் சொல்லும் சேனலில் இருக்கும் முகவரிதானா என்று பார்க்காமல் ஒன்றுகூட அனுப்பாதீர்கள். 'நாங்கள் பப்ளிஷர், முன்பணமாக ஐம்பதாயிரம் கட்டுங்கள்' என்று எவராவது கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பப்ளிஷர் உங்களிடம் காசு கேட்பதில்லை. 'டெமோவைச் சோதிக்க இதைத் திறந்து பாருங்கள்' என்று வரும் கோப்பைத் திறந்தால் மூன்று வருஷக் கோப்புகளும் வங்கிக் கணக்கும் ஒரே ராத்திரியில் போகலாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930 க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரம்தான் பணத்தை மடக்க வாய்ப்பு.

இனி மலைக்கு வருகிறேன். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம்.

கல்வராயன் மலை மற்ற கேம்களில் வரும் மலைபோல் ஆளில்லாத மலை கிடையாது. அங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். கேரளத்து மலையாளியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர்கள் தமிழ் பேசும் மக்கள், பட்டியல் பழங்குடியினர். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்தது அந்த மலை. நாடு விடுதலை பெற்று கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஆன பிறகு, 1976 இல்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. அந்த ஜாகீர் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜாகீர் குடும்பத்து வாரிசுகளும் இருக்கிறார்கள். நம் நால்வரின் கேமில் கடைசி எதிரிக்கு உண்மையான ஒரு ஜாகீர்தாரின் பெயரையே வைத்து, அவர் செய்யாத கொலையை அவர்மேல் ஏற்றியிருந்தால்? 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356 ஆவது பிரிவு, இறந்தவரைப் பற்றிச் சொன்னாலும் குடும்பத்தார் மனம் புண்படும் நோக்கில் சொன்னால் அவதூறு என்கிறது. பெயரை மாற்றுங்கள். ஊர்ப் பெயரையும் மாற்றுங்கள். அந்தக் காலத்துக் கொடுமையைச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சொல்லியே ஆக வேண்டும். அதை நடந்தபடி, கேட்டு விசாரித்துச் சொல்லுங்கள்.

இன்னொரு எதிரியும் அந்த மாதிரிக் கேமில் எளிதாக நுழைந்துவிடுவார்: சாராயம் காய்ச்சும் மலைக்காரர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கும் மேல் இறந்ததை நாம் யாரும் மறக்க முடியாது. அதன் பிறகு கல்வராயன் என்ற பேரைச் சொன்னாலே சாராயம் என்று பேசும் பழக்கம் இன்னும் கூடியது. அதே வருஷம் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த மலை மக்களின் சாலை, மருத்துவம், வாழ்வாதாரம் பற்றிய வழக்கை எடுத்தது. கல்வராயனுக்கு அந்தப் பக்கமும் உண்டு. ஒரு தெருவுக்குள் ஆடிச் சிரித்த காலத்தில், கம்பால் அடித்தால் பத்துப் புள்ளி தரும் எதிரியாக ஒரு மலைக்காரரைச் செய்திருப்பீர்கள். இப்போது அதைக் காசு கொடுத்து உலகம் ஆடப் போகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். அதைவிட, வெள்ளிமலைப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளை உங்கள் கேமை இறக்கி ஆடினால் தன் மாமனை அடித்துப் புள்ளி எடுக்க வேண்டியிருக்கும் என்பது தெரிந்திருக்கட்டும். அந்த எதிரியை இன்றே எடுத்துவிடுங்கள்.

மலைக்குக் கீழேயும் ஒரு கண்ணி உண்டு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கேமுக்கு வரவேற்பு கிடைத்தால் பொம்மை செய்து விற்கும் ஆசை வரும். எங்கோ அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பொம்மைமேல் அந்தப் பேரை ஒட்டினால் அது மீறல். பட்டறையில் ஒரு சிற்பி புதிதாகச் செதுக்கிய உருவத்தை போனில் ஸ்கேன் செய்து கேமில் கோயில் சிலையாக வைத்தாலும் அவர் உரிமை அதில் இருக்கிறது. அவரிடம் கேளுங்கள், பொம்மையையும் அவரிடமே செய்யச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்தத் தாலாட்டு. இசைப் பொறுப்பில் இருக்கும் பெண், மலையூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் பாட்டியைப் பாடச் சொல்லி போனில் பதிந்து வந்தது. பாட்டி சிரித்துக்கொண்டே பாடினார். பாட்டு பழசு, யாருக்கும் சொந்தமில்லை என்று நினைப்பீர்கள். பாட்டு யாருடையதாகவும் இருக்கட்டும், பாடியது பாட்டி. பதிப்புரிமைச் சட்டத்தின் 38 ஆவது பிரிவு, நிகழ்த்துபவருக்கென்று 50 வருஷத்துக்கு ஒரு தனி உரிமையைத் தருகிறது. அவர் சம்மதம் இல்லாமல் அந்தக் குரலை விற்க முடியாது. அவர் சம்மதித்தது ஒரு பெண் போனில் பதிந்துகொள்வதற்கு, விற்பதற்கு இல்லை. சில பாட்டுகள் சாமிக்கு முன்னால், திருவிழாவில் மட்டும் பாடுவதற்கு உள்ளவை. அவற்றை எதிரியோடு சண்டை போடும் இடத்தில் ஓடவிட்டால் ஊரே வருந்தும்.

ஆகவே போகவேண்டியது மலைக்குத்தான். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போங்கள். பாட்டியிடம் வெறும் தாளை நீட்டிக் கைநாட்டு வாங்காதீர்கள். கேமை ஓட்டிக் காட்டுங்கள். இந்த இடத்தில் உங்கள் குரல் வரும், இதை வெளிநாட்டுக்காரர் எல்லாம் காசு கொடுத்துக் கேட்பார்கள், உங்களுக்கு இவ்வளவு தருகிறோம், உங்கள் பெயரைத் திரையில் போடலாமா வேண்டாமா என்று, அவர் வீட்டுப் பிள்ளைகளையும் ஊர்ப் பெரியவர் ஒருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேளுங்கள். சரி என்று சொன்னால், சொன்னதையும் அதே போனில் பதிந்து, எழுதி, அவரிடமும் ஒரு பிரதியைக் கொடுங்கள்.

வேண்டாம் என்று சொன்னால் அந்தத் தாலாட்டை எடுத்துவிடுங்கள். இறங்கி வரும்போது கோமுகி அணைக்கட்டில் கொஞ்ச நேரம் நின்று, தண்ணீர் ஓசையை நீங்களே பதிந்துகொண்டு வாருங்கள். அந்தக் காட்சிக்கு அது போதும்.